வாயில் தங்காத சேதி

சந்தோஷச் சேதி எதுவும் ஜிபாரின் வாயில் அரைப் பொழுது தங்கியதாகச் சரித்திரம் கிடையாது. அடுத்த வீட்டுப் பசு கன்று போட்டால், பசுவுக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். தெரிந்த கையோடு கெந்திக் கெந்தித் தெருவில் இறங்கி, "சுயுஞ்சு, சுயுஞ்சு" என்று கூவிக்கொண்டு போவாள். நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் அப்படிக் கூவினால், கேட்கிறவர் எதையாவது கையில் கொடுத்துத்தான் சேதியை வாங்கிக்கொள்ள வேண்டும். தலாஸ் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஜிபார் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே நடத்திவந்தாள். ஒரு தடவை, போன மின்சாரம் திரும்பி வந்ததற்குக்கூட சுயுஞ்சு கேட்டாள். விளக்கு எரிவது எங்கள் கண்ணுக்கும் தெரிகிறதே என்று எதிர்வீட்டு ஊல்கான் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒரு கை உலர்ந்த தயிர் உருண்டையைக் கொடுத்துத்தான் அவளை வாசலிலிருந்து நகர்த்த முடிந்தது.

தெருவுக்கு இது வேடிக்கை. அவளுடைய ஓர்ப்படி புருல்சாவுக்கும் ஒரு காலத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த வருஷம் பீன்ஸ் அறுவடையில்தான் வேடிக்கை போய் வயிற்றெரிச்சல் வந்தது.

அண்ணன் சாகின், தம்பி மக்சாத். ஒரே முற்றத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வீடு, நடுவில் ஓர் ஆப்பிள் மரம், ஒரு பசு, ஒரு கன்று. மூத்தவன் மனைவி ஜிபார். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிறு திறக்கவில்லை. பழைய நாளில் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு பிசகியதால் குனிந்து செய்கிற வேலை எதுவும் அவளுக்கு ஆகாது. இளையவன் மனைவி புருல்சா. வந்த மறு வருஷமே பெகிமாயைப் பெற்றுவிட்டாள். பெகிமாய் இப்போது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பருவத்தில் இருந்தாள்.

நிலம் இரண்டு வீட்டுக்கும் பொது. பள்ளத்தாக்கு முழுக்க எங்கே பார்த்தாலும் வெள்ளை பீன்ஸ்தான். விளைவிக்கிறவர்கள் யாரும் அதை ஆசையாகத் தின்று பார்த்ததில்லை. லாரியில் ஏறித் தூர தேசம் போய்விடும், இங்கே சாப்பாட்டு விரிப்பில் ரொட்டியும் இறைச்சியும் நூடுல்ஸும்தான். ஆனால் அந்தக் கொட்டைக்காகச் சாகிற சாவு இவர்களுடையது. காய் பழுத்துக் காய்ந்த பிறகு வெயில் ஏறும்போது செடியைத் தொட்டால், காய் படாரென்று வெடித்து விதை மண்ணில் கொட்டும். அதனால் பனி ஈரம் இருக்கும்போதே முட்டி போட்டு உட்கார்ந்து செடியை வேரோடு பிடுங்கி, சின்னச் சின்னக் குவியலாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏறிய பிறகு காய்ந்த குவியல்களைக் களத்துக்குச் சுமக்க வேண்டும். இதற்கு நடுவில் மழை வந்தால் வெள்ளைக் கொட்டையில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். அப்புறம் வியாபாரி அதை மூக்கால்கூட முகர்ந்து பார்க்க மாட்டான்.

ஆக, புருல்சா கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போது மகளுக்குக் கண் சொக்கிக்கொண்டிருக்கும். இடைப்பட்ட பகல் முழுக்கப் பெகிமாய் பெரியம்மா இடுப்பில். அவரவர் உடம்புக்கு ஏற்ற வேலை என்று நாலு பேருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்ததுதான். புருல்சாவும் தலையாட்டியிருந்தாள். யாரையும் குறை சொல்ல வழியில்லாத மாதிரி ஒரு ஏற்பாடு அமைந்துவிட்டால் அதைவிடக் கஷ்டம் வேறில்லை.

சாயங்காலச் சாப்பாடு ஜிபார் வீட்டில். வயலிலிருந்து வந்து கை கால் கழுவி, விரிப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்ததும் ஜிபார் தேநீரை ஊற்றுவாள். ஊற்றிக்கொண்டே ஆரம்பிப்பாள். இன்றைக்குப் பெகிமாய் கோழியைப் பார்த்து விரலை ஆட்டித் திட்டியது, கன்றுக்குட்டிக்கு ரொட்டியை நீட்டி, அது வாயில் வாங்கிய பிறகு மனசு மாறிப் பாதியைப் பிடுங்கித் தின்றது, கண்ணாடியில் தன்னையே பார்த்து வெட்கப்பட்டது. ஜிபாருக்குச் சொல்லத் தெரியும். கோழி மாதிரி கழுத்தை வெட்டுவாள், கன்று மாதிரி முழிப்பாள். சாகினுக்குச் சிரித்துச் சிரித்துத் தேநீர் மூக்கில் ஏறும். மக்சாத் வயலில் பட்ட பாட்டையெல்லாம் மறந்து, "அப்புறம் அண்ணி, அப்புறம்" என்று கேட்பான். சில நாள் ஊல்கானும் வந்து உட்கார்ந்துகொள்வாள். வீட்டுக்கு வெளியே குளிர்காற்று அடிக்க, உள்ளே அந்த விரிப்பைச் சுற்றி இருந்த சந்தோஷத்துக்கு ஒரு குறையும் இல்லை.

புருல்சாவும் சிரிப்பாள். ஆனால் சிரிப்பு தொண்டையோடு நின்றுவிடும். என் பிள்ளை, என் பிள்ளை என்று உள்ளே ஒன்று முனகிக்கொண்டே இருக்கும். மடியில் தூங்கி வழிகிற மகளைப் பார்ப்பாள். அது கோழியையும் திட்டாது, வெட்கமும் படாது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் எச்சில் ஒழுகுகிற ஒரு தூக்கம். பகல் முழுக்க நடந்த நல்லதெல்லாம் ஒருத்தி கண்ணால் தின்று முடித்த பிறகு, மிச்சத்தைத் தன் தட்டில் வைக்கிறாள் என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வரும். அந்தக் கோபமும் கடைசியில் ஜிபார்மேல்தான் போய் விழும். பிள்ளை இல்லாதவள்மேல் பிள்ளை பெற்றவள் பொறாமைப்படுவதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள்.

ஒரு நாள் காலை வயலில் ஊல்கான் அடுத்த வரிசையில் செடி பிடுங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய பேச்சுக்கும் கைக்கும் போட்டி வைத்தால் பேச்சுதான் ஜெயிக்கும். பேச்சு வாக்கில், உன் மகள் பாட்டுச் சத்தம் கேட்டாலே ஆட்டம் போடுகிறாளே, நேற்றுத் தெருவே கூடி நின்று பார்த்தோம், கையை இப்படித் தூக்கி இடுப்பை இப்படி வெட்டி, என்று முட்டி போட்ட நிலையிலேயே ஆடிக் காட்டினாள். வரிசையிலிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். "நீ பாக்கலையா?" என்று கேட்டாள் ஊல்கான்.

"பாத்தேனே" என்றாள் புருல்சா.

பொய். நேற்றுச் சாயங்காலம் அவள் வருவதற்கு நேரமாகிவிட்டது. ஜிபார் தலைவலி என்று படுத்துவிட்டாள். சேதி தெரு முழுக்கச் சுற்றி, வயலுக்கு வந்து, ஊல்கானின் இடுப்பில் ஏறித்தான் பெற்றவளுக்குக் கிடைத்தது. கையிலிருந்த செடியைப் புருல்சா பிடுங்கிய வேகத்தில் காய் வெடித்து விதை சிதறியது. பொறுக்கக்கூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் மக்சாத் கைபேசியில் பாட்டு வைத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். புருல்சா மகளை விரிப்புக்கு முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆடுடி செல்லம், அம்மாவுக்கு ஆடு" என்று கெஞ்சினாள். பெகிமாய் கண்ணைக் கசக்கி, உதட்டைப் பிதுக்கி, கடைசியில் ஓவென்று அழுது, இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டியது பெரியம்மா பக்கம். ஜிபார் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டதும் அழுகை நின்றது.

"பகல்ல பாத்திருக்கணும் நீ" என்றாள் ஜிபார். சமாதானமாகத்தான் சொன்னாள். "அந்த ஆட்டத்தை..."

"அக்கா." புருல்சா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பெத்தவ நான் ஒருத்தி இருக்கேன்ல? என் பிள்ளை சிரிச்சது, குதிச்சது, ஆடினது எல்லாம் ஊரு பூரா கேட்டாச்சு. கடைசியா எனக்கு வருது. இனிமே என் பிள்ளைய வச்சு யாருகிட்டயும் கதை சொல்லாதீங்க. எனக்கும் சொல்ல வேணாம்."

சாகின் தாடியைத் தடவிக்கொண்டு ரொட்டியைப் பார்த்தான். மக்சாத், "என்ன பேச்சு பேசுற" என்று ஆரம்பித்தான். ஜிபார் கையமர்த்தினாள்.

"சரிடி" என்றாள். "இனிமே சொல்லல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். மறுநாள் தேநீரை ஊற்றினாள், ரொட்டியைப் பிட்டுப் போட்டாள், பாலாடைக் கிண்ணத்தை நகர்த்தினாள், வாயைத் திறக்கவில்லை. சாகின் பழக்க தோஷத்தில், இன்றைக்கு நம்ம பொண்ணு என்ன செய்தாள் என்று கேட்டுவிட்டான். "ஒண்ணும் செய்யல. தூங்கினா, சாப்பிட்டா" என்றாள் ஜிபார். அதற்கு மறுநாளும் அதே பதில். ஆண்கள் இருவரும் சீக்கிரம் சீக்கிரமாகச் சாப்பிட்டு எழுந்து போனார்கள். ஊல்கான் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தாள். யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவள் மாதிரி இருந்துவிட்டு எழுந்து போனாள்.

புருல்சாவுக்கு முதல் இரண்டு நாள் ஜெயித்த மாதிரி இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. முன்பு மிச்சமாவது வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் நின்றுபோனது. வயலில் முட்டி போட்டு நகரும்போதெல்லாம், இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள், யாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைப்பு ஓடியது. வாய்விட்டுக் கேட்கலாம் என்றால் தன் வாயாலேயே அடைத்த கதவு அது. அதைத் தானே போய்த் திறக்க அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. தினமும் அவள் வந்து உட்கார்ந்ததும் ஜிபார் பெகிமாயைத் தூக்கிவந்து, எட்ட இருந்த மரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பாள். முகத்தை அம்மா பக்கம் திருப்பிவிடுவாள். பிறகு, பாலை மூடவில்லை, விறகு எடுக்கவில்லை என்று எதையாவது சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பாள். பெகிமாய் அதற்குள் பொத்தென்று உட்கார்ந்து, தவழ்ந்து வந்து அம்மா மடியில் தலையைச் சாய்த்திருப்பாள். ஜிபாரின் முகம் சுருங்கிப்போகும். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பி வைக்கிற மாதிரி என் பிள்ளையை என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள், என் பக்கத்தில் நிற்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை என்று புருல்சா முடிவு கட்டினாள்.

அறுவடை பாதி கடந்தபோது ஊல்கானின் பேரனுக்குக் கால்கட்டு அறுத்தார்கள். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததும், கறுப்பும் வெள்ளையுமாக ஆட்டு மயிரை முறுக்கிக் கயிறு செய்து, அதன் இரண்டு காலையும் தளர்வாகக் கட்டி நிறுத்துவார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வருகிறவர் அந்தக் கயிற்றைக் கத்தியால் அறுத்து, கையைப் பிடித்து நடத்திவிடுவார். அதோடு தடுக்கல் எல்லாம் தீர்ந்து பிள்ளை ஓடியாடும் என்பது நம்பிக்கை. வேலைக்கு நடுவிலும் தெருவே கூடியது. அந்தப் பையன் பெகிமாயைவிட ஒரு மாதம் சின்னவன். "உன் மக இன்னும் காலை ஊனலையா?" என்று ஊல்கான் எல்லார் முன்னாலும் கேட்டாள். கேட்டுவிட்டு, சில பிள்ளைகள் அப்படித்தான், பயப்படாதே என்று ஆறுதலும் சொன்னாள். அவளுடைய ஆறுதலுக்கு அவள் கேள்வியே தேவலாம்.

புருல்சாவுக்கு அன்றிலிருந்து பொறாமையோடு பயமும் சேர்ந்துகொண்டது. பிள்ளைக்குக் காலில் ஏதாவது குறையா? பட்டணத்து டாக்டரிடம் காட்ட வேண்டுமா? ஒரு நாள் காலையில் கிளம்பும்போது மானத்தை விட்டு ஜிபாரிடம் கேட்டாள். "பாப்பா நடக்கப் பாக்குறாளா அக்கா?"

ஜிபார் பசுவின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையும் நிமிரவில்லை. "நிக்கிறா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சாயங்காலம் சீக்கிரம் வாயேன். நீயே பாரு" என்றாள்.

அறுவடையில் சீக்கிரம் வருவதாவது! வேண்டுமென்றே குத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு புருல்சா வாளியை ஓங்கி வைத்துவிட்டுப் போனாள்.

களத்தில் மூட்டை பிடிக்க ஆரம்பித்த நாள் வந்தது. மேற்கே மலையுச்சியில் புதுப் பனி விழுந்திருந்தது. மேகமும் இறங்கியிருந்தது. விடிந்தும் விடியாமலும் சாக்குத் தைக்கிற ஊசியைத் தேடிப் புருல்சா ஜிபார் வீட்டுக்குள் போனாள். ஜிபார் தொழுவத்தில் இருந்தாள். மரப்பெட்டிக்குள் துணிமணிக்கு அடியில் கையை விட்டபோது ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தாள். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு. புதுக் கயிறு. ஆட்டு மயிரின் எண்ணெய் வாடைகூடப் போகவில்லை.

பிள்ளை நடப்பதற்கு முன்னால் அந்தக் கயிற்றை யாரும் முறுக்க மாட்டார்கள். முறுக்கினால் பிள்ளைக்குத் தடை என்பார்கள். ஜிபார் முறுக்கி வைத்திருக்கிறாள் என்றால் பெகிமாய் நடந்துவிட்டாள். நடந்ததை அவள் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, பயந்துபோய்க் கேட்டவளிடம் நிற்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

புருல்சா கயிற்றைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். ஊசியை மறந்துவிட்டாள்.

காலை முழுவதும் களத்தில் தூற்றிக்கொண்டிருந்தாள். தூற்றுகிற தூசி கண்ணில் விழுந்தது. மற்றவர்கள் துடைத்துக்கொண்டார்கள், அவள் துடைக்கவில்லை. பைக்குள் கயிறு இருந்த இடம் சுட்டது. கால்கட்டை அவளே வைத்து அறுக்கப் பார்க்கிறாளா? யாரைக் கூப்பிடுவாள்? யார் கத்தி பிடிப்பார்கள்? எல்லாம் முடிந்த பிறகு, பெற்றவளே நீயும் வா என்று கூப்பிட்டு ஓரமாக உட்கார வைப்பாளா? நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. பிள்ளை இல்லாத குறைக்கு என் பிள்ளையை எடுத்துக்கொள்கிறாள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் உடம்பு கூசியது. ஆனாலும் அந்தச் சொல்லை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

உச்சிக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. சாகினும் மக்சாத்தும் தார்ப்பாயை இழுத்துக் குவியலை மூடி, ஓரங்களில் கல் வைத்து, அதன் அடியிலேயே தண்ணீர் புகாமல் காவல் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். புருல்சா மட்டும் சேற்றில் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். என்ன பேச வேண்டும் என்பதை வழி நெடுக அடுக்கிக்கொண்டே போனாள். அவளுக்குத் தெரிந்த அத்தனை சுடுசொல்லும் அந்த வரிசையில் இருந்தது.

கேட் பலகையில் கை வைக்கப் போனவள் இடுக்கு வழியாக உள்ளே பார்த்து அப்படியே நின்றாள்.

முற்றத்துக் கூரைச் சாய்ப்புக்கு அடியில், மழை படாத இடத்தில், ஜிபார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் கட்டியிருந்தது புருல்சாவின் பழைய பூப்போட்ட துணி. உடம்பில் புருல்சாவின் கிழிந்த வயல் சட்டை. எட்ட, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பெகிமாய் நின்றாள். ஜிபார் இரண்டு கையையும் விரித்தாள்.

"அம்மாகிட்ட வா" என்றாள். "நான்தான் அம்மா. வாடி ராசாத்தி."

என் துணியையும் எடுத்துக்கொண்டாள், என் பேரையும் எடுத்துக்கொண்டாள் என்று புருல்சா நினைத்தாள். பலகையைத் தள்ளக் கை எழுந்தது.

பெகிமாய் சக்கரத்தை விட்டாள். கையை அகட்டிக்கொண்டு, வயிற்றை முன்னே தள்ளி, தடதடவென்று நடந்துவந்து அந்தச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். தட்டுத்தடுமாறிய நடையில்லை அது, பழகிய நடை.

"கெட்டிக்காரி" என்றாள் ஜிபார். பிள்ளையைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட நல்லாத்தான் நடக்குற. சாயங்காலம் அவ வந்ததும் காலு எங்க போவுது உனக்கு? பகல் பூரா ஓடி ஓடிக் களைச்சுப் போயிடுற, அதானே? இன்னிக்கு மத்தியானம் உன்னைய ஓட விடமாட்டேன், பாத்துக்க. இந்தத் துணியப் பாத்தியா? இந்த வாடை தெரியுதா? இது யாரு? அம்மா. சாயங்காலம் இவகிட்டதான் நடக்கணும். எங்கிட்ட நடந்ததெல்லாம் ஒண்ணுமில்ல. அது யாருக்கும் தெரியாது. நான் மூச்சு விடமாட்டேன். ஆனா நீ இன்னிக்கு நடந்துருடி. எனக்கு வயிறு வெடிச்சுரும் போல இருக்கு."

மழை புருல்சாவின் தலைத்துணியில் இறங்கி முதுகு வழியாக ஓடியது. எத்தனை நாளாக நடக்கிறாள்? எத்தனை நாளாக, போன மின்சாரம் வந்ததற்கே சுயுஞ்சு கேட்டவள், இதை வாய்க்குள் அடைத்து வைத்திருக்கிறாள்? வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பழைய எரிச்சலும் அப்படியே இருந்தது. நடந்தது நடந்ததுதானே. முதல் அடி போய்விட்டது. அதை இவள்தான் பார்த்தாள். எத்தனை நல்லவளாக இருந்தாலும் அதை அவளால் திருப்பிக் கொடுக்க முடியாது. நல்லவளாக இருக்கிறாளே என்பதே புருல்சாவுக்குத் தாங்கவில்லை. திட்டக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

பையிலிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, தெரு முனைவரை திரும்பிப் போனாள். அங்கிருந்து காலைத் தரையில் அடித்து அடித்து நடந்துவந்து, அடுத்த வீட்டு நாயைத் தொண்டை கிழியத் திட்டி, கேட்டைப் படாரென்று தள்ளினாள்.

அதற்குள் ஜிபார் தலைத்துணியை அவிழ்த்துவிட்டாள். சட்டையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பெகிமாய் மறுபடி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, இந்நேரத்துல?" என்றாள் ஜிபார்.

"மழை" என்றாள் புருல்சா. சேற்றோடு அங்கேயே, மழையிலேயே முட்டி போட்டு உட்கார்ந்தாள். வயலில் தினமும் உட்கார்கிற மாதிரிதான். கையை விரித்தாள். "வாடி."

பெகிமாய் அம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். யாரிடம் போவது என்று யோசிக்கிற மாதிரி நின்றாள். அந்த நேரம் புருல்சாவுக்கு ஓர் அறுவடைக் காலம்போல நீண்டது. ஜிபார் பிள்ளையைப் பார்க்காமல் வேண்டுமென்றே சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சக்கரத்தை விட்டுவிட்டு மகள் வந்தாள். சாய்ப்பைத் தாண்டியதும் மழைத்துளி மூக்கில் விழ, திகைத்து, ஒரு அடி பக்கவாட்டில் போய், பிறகு சமாளித்து, வந்து அம்மாவின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நடந்துட்டா" என்றாள் புருல்சா. சொல்லும்போதே அழுதாள். அழுகையில் நடிப்பு ஒன்றும் இல்லை.

ஜிபார் திரும்பினாள். அவள் முகத்தில் அத்தனை நாள் அடைத்து வைத்தது மொத்தமாக உடைந்தது. இடுப்பையும் மறந்து எழுந்து, மழையில் தெருவுக்கு ஓடினாள். "சுயுஞ்சு! சுயுஞ்சு! எங்க பொண்ணு நடந்துட்டா!" என்று கத்தினாள். எதிர்வீட்டில் ஊல்கான் தலையை நீட்டியது, ஒரு தட்டு நிறையப் பொரித்த ரொட்டித் துண்டு கைமாறியது, வேலிக்கு வேலி சேதி தாவியது எல்லாம் புருல்சாவுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

தட்டோடும் மூச்சிரைப்போடும் திரும்பி வந்து ஜிபார் அவள் முன்னால் நின்றாள். "உனக்கும் சேர்த்துத்தான் கேக்குறேன். சுயுஞ்சு குடு."

"நான் இங்கதானே இருந்தேன்? எனக்கு என்ன சேதி சொன்னீங்க?"

"குடுடி."

"என்ன வேணும்?"

ஜிபார் பெகிமாயின் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் இடுப்பில் கட்டிய துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "இன்னிக்குச் சாப்பாட்டுல நான் சொல்லட்டுமா? அவங்களுக்கு" என்று கேட்டாள்.

கேட்டது பெரிய சொத்து ஒன்றும் இல்லை. ஆனால் புருல்சாவின் கையில் அந்த வருஷம் அது ஒன்றுதான் முழுசாக இருந்தது. மழையில் தன் கழுத்தைக் கட்டிக்கொண்ட அந்த ஈரம் இன்னும் காயவில்லை. அதைத் தானே சொல்ல வேண்டும், சொல்லும்போது எல்லாரும் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை முட்டிக்கொண்டு வந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

மழை விட்ட பிறகு ஆண்கள் வந்தார்கள். குவியல் தப்பியது, ஓரத்தில் கொஞ்சம் நனைந்துவிட்டது என்று சாகின் அலுத்துக்கொண்டே விரிப்பில் உட்கார்ந்தான். ஜிபார் ஆட்டிறைச்சி வேக வைத்திருந்தாள். மற்ற நாளில் எப்படியோ, அறுவடை முடியாமல் அந்த வீட்டில் இறைச்சி வேகாது. மக்சாத்துக்கு வாடையிலேயே பாதி புரிந்துவிட்டது. ஊல்கானும் பேரனோடு வந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஜிபார் தேநீரை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

எத்தனையோ நாளுக்கு அப்புறம் அவள் வாய் திறந்தது. கண் பளபளத்தது, கை தானாகப் பறந்தது.

"சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் பால் வாளிய கழுவி வெயில்ல கவுத்திட்டு இருக்கேன். சுள்ளுன்னு வெயிலு. வாளி பளபளன்னு மின்னுது. அதப் பாத்துட்டா. இந்தா, இப்படி ஒரு காலத் தூக்கினா. தூக்கிட்டு, இதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம என்னையப் பாக்குறா. கோழி ஒண்ணு குறுக்கே வந்துச்சு. அதுகிட்ட வழிய விடுன்னு கையக் காட்டுறா..."

சாகின் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தினான். "இன்னிக்கு ஏது வெயிலு? உச்சிக்கு முன்னாடியிருந்து ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சே."

ஜிபாரின் கை அந்தரத்தில் நின்றது. கோழிக்கு வழி காட்டிய அதே கோலத்தில் நின்றது. அவள் புருல்சாவைப் பார்க்கவில்லை. விரிப்பைப் பார்த்தாள்.

அதுதான் முதல் அடி என்று புருல்சாவுக்குப் புரிந்தது. எந்த நாளோ, தான் எந்த வரிசையில் முட்டி போட்டு நகர்ந்துகொண்டிருந்தபோதோ, அந்த வெயிலில் நடந்தது. யாருக்கும் சொல்லாமல் இவள் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது. சுருக்கென்று பழைய முள் அதே இடத்தில் குத்தியது. மடியிலிருந்த மகளை இறுக்கிக்கொண்டாள். பைக்குள் கயிறு கையில் தட்டுப்பட்டது. அதை எடுத்து, விரிப்பின் நடுவில், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜிபார் அதைப் பார்த்தாள். பார்த்த பிறகு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"நடுவுல கொஞ்ச நேரம் வெயிலடிச்சுது மாமா" என்றாள் புருல்சா. "நீங்க தார்ப்பாய்க்கு அடியில இருந்தீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? சுள்ளுன்னு அடிச்சுது. நான்தான் பாத்தேனே." ஜிபாரின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கக்கா. கோழி குறுக்க வந்துச்சு. அப்புறம்?"

அப்புறம் என்ன ஆனது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது.